வேலைக்குப் போகிறவர் எதற்குப் பணம் கட்ட வேண்டும்? – வாசகர் கேள்வி பதில்

வெளிநாட்டு வேலை பற்றி வந்த கடிதங்களில் இந்த மாதம் பெரும்பாலானவை ஏஜெண்டுக்குக் கொடுக்கும் பணத்தைப் பற்றியே கேட்கின்றன. அதனால் இந்த இதழ் முழுக்க அதற்குத்தான். ஓமானில் ஒரு கட்டுமான நிறுவனத்தின் சம்பளப் பிரிவில் வேலை பார்த்துவிட்டு இப்போது பள்ளத்தூரில் இருக்கிறேன். எழுதியவர்களின் பெயரைப் போடவில்லை, ஊரை மட்டும் சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: என் கணவர் புதுவயலில் அரிசி ஆலையில் வேலை பார்க்கிறார். மகன் பத்தாவது முடித்து ஐ.டி.ஐ. படித்த வெல்டர். கத்தாரில் வேலை இருப்பதாகக் காரைக்குடியில் ஒருவர் சொல்கிறார். மொத்தம் 1,80,000 ரூபாய். பாதியை இப்போதே ரொக்கமாகக் கொடுத்தால்தான் விசா அடிக்க முடியுமாம். ரசீது கேட்டால், "எல்லாரும் இப்படித்தாம்மா போறாங்க" என்கிறார். என் சங்கிலியை அடகு வைத்து, மீதியை வட்டிக்கு வாங்கலாம் என்று இருக்கிறோம். சரிதானா? – ஒரு தாய், புதுவயல்

பதில்: அம்மா, சங்கிலியைக் கழற்றாதீர்கள். முதலில் அந்த ஆள் யார் என்று பார்ப்போம்.

இந்தியாவிலிருந்து வெளிநாட்டுக்கு ஆள் அனுப்ப, 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு இல்லாமல் ஆள் எடுத்தால் அது குற்றம். பதிவு பெற்றவர்கள் பட்டியல் அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் இருக்கிறது. உங்கள் மகனையே போனில் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். பெயர் இருந்தால் மட்டும் போதாது. பதிவு நடப்பில் இருக்கிறதா, காலாவதியா, ரத்தாகிவிட்டதா என்றும் அதிலேயே தெரியும். அப்புறம், விசிட்டிங் கார்டில் உள்ள எண்ணை விட்டுவிட்டு அந்தத் தளத்தில் உள்ள எண்ணுக்குப் போன் செய்து, "காரைக்குடியில் இன்னார் உங்கள் ஆளா, கத்தாரில் இன்ன கம்பெனி ஆள் கேட்டு அனுப்பிய டிமாண்ட் லெட்டர் உங்களிடம் இருக்கிறதா?" என்று கேளுங்கள். சென்னையிலோ மும்பையிலோ இருக்கும் ஒரு நிறுவனத்தின் சான்றிதழை வாட்ஸ்அப்பில் படமாக வைத்துக்கொண்டு, "இது நம்ம லைசென்ஸ்" என்று காட்டுகிறவர்கள் நம் பக்கத்தில் நிறைய. "உங்கள் பையனுக்கு ஈ.சி.என்.ஆர். பாஸ்போர்ட், அதனால் இதெல்லாம் தேவையில்லை" என்றும் சொல்வார்கள். ஈ.சி.என்.ஆர். என்றால் அரசின் குடிபெயர்வு அனுமதி தேவைப்படாத பாஸ்போர்ட். பத்தாவது முடித்தவர் அந்த அனுமதி வாங்க வேண்டியதில்லை என்பது உண்மைதான். ஆனால் அந்தச் சலுகை உங்கள் மகனுக்கு. ஏஜெண்ட் பதிவு செய்தே ஆக வேண்டும்.

பதிவு பெற்ற ஏஜெண்டாகவே இருந்தாலும் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. ஆக 35,400. அதற்கு ரசீது கொடுத்தாக வேண்டும். உங்களிடம் கேட்பது அதைப்போல ஐந்து மடங்கு, அதுவும் ரசீது இல்லாமல்.

நீங்கள் சொன்ன நாடு கத்தார் என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த நாட்டுத் தொழிலாளர் சட்டமே, ஆள் எடுத்துக் கொடுப்பவர் தொழிலாளியிடம் அதற்காகப் பணம் வாங்கக் கூடாது என்கிறது. கத்தார் வேலை விசாவுக்கான மருத்துவப் பரிசோதனை, கைரேகை, ஒப்பந்தத்தில் கையெழுத்து எல்லாம் சென்னையில் இருக்கும் கத்தார் விசா மையத்தில் நடக்கும். அந்தச் செலவு முதலாளியுடையது. ஒப்பந்தத்தை அங்கே உட்கார்ந்து படித்துப் பார்த்து, சம்பளம் சொன்னதுபோல இல்லை என்றால் கையெழுத்துப் போடாமல் வந்துவிடலாம். அப்படியிருக்க, "விசா அடிக்க" என்று அவர் கேட்கும் பணம் எந்தக் கவுண்டரில் கட்டுவதற்கு? அவரிடமே கேளுங்கள்.

கடனைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், எனக்கு அதுதான் மனசு கேட்காத விஷயம். மகன் மாதம் 20,000 ரூபாய் வீட்டுக்கு அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். 1,80,000 ரூபாய்க்கு இரண்டு வட்டி என்றால் முதல் மாத வட்டியே 3,600. அசலும் வட்டியும் அடைய ஏறக்குறைய பத்து மாதம். அதுவரை வீட்டுச் செலவுக்கு அதில் ஒரு ரூபாய் கிடையாது. இந்தப் பத்து மாதமும் அவனால் எதற்கும் மறுப்புச் சொல்ல முடியாது. சம்பளத்தைக் குறைத்தாலும், வெல்டர் என்று கூப்பிட்டு மண் சுமக்கச் சொன்னாலும், ஓவர்டைம் பணத்தைத் தராவிட்டாலும் பொறுத்துக்கொள்வான். காய்ச்சலோடு வேலைக்கு வந்து நிற்பவரிடம், "இன்றைக்கு ரூமில் படுங்கள்" என்று சொன்னால், "ஊர்ல வட்டி ஓடுது சார்" என்பார். இதை நான் சம்பளப் பிரிவில் எத்தனையோ பேர் வாயால் கேட்டிருக்கிறேன். கடனில்லாமல் போனவர் மட்டும்தான் வேலை சரியில்லை என்றால் டிக்கெட் கேட்டுத் திரும்பி வருவார். மற்றவர்களுக்குத் திரும்பி வரும் வழியை ஊரில் வாங்கிய கடனே அடைத்துவிடுகிறது.

உங்கள் மகன் தொழில் தெரிந்த பையன். வெல்டருக்கு வளைகுடாவில் தேவை எப்போதும் இருக்கிறது. தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னை கிண்டியில் இருக்கிறது. அங்கே விவரம் பதிந்து வைக்கச் சொல்லுங்கள். அங்கும் அரசு வரம்புக்குள் சேவைக் கட்டணம் உண்டு, ஆனால் எல்லாம் ரசீதோடு. நாள் கொஞ்சம் கூட ஆகலாம். ஆகட்டும்.

கேள்வி: என் அய்யா, அதாவது தாத்தா, பர்மாவில் கடையை நடத்தும் மேலாளாக இருந்தவர்கள். கப்பலேறும்போது முதலாளியிடம் பணம் வாங்கி வீட்டில் கொடுத்துவிட்டுத்தான் போனார்கள் என்று ஆயா சொல்வார்கள். இன்று என் பேரன், பணம் கட்டினால்தான் வேலை என்கிறான். இது எப்படித் தலைகீழாக மாறியது? – நாட்டரசன்கோட்டை வாசகர்

பதில்: ஆயா சொன்னது அப்படியே உண்மைதான் ஐயா. பர்மா, மலாயா, இலங்கை என்று நம் செட்டியார்கள் எங்கே வட்டிக்கடை வைத்தாலும், மேலாளோ, அவருக்கு அடுத்த நிலையில் இருக்கும் அடுத்தாளோ, எடுபிடி வேலை பார்க்கும் பெட்டியடிப் பையனோ, போகும் முன்பே ஊரில் சம்பளச் சீட்டு எழுதிவிடுவார்கள். பெரும்பாலும் மூன்று வருடக் கணக்கு. சம்பளத்தில் ஒரு பகுதி முன்பணமாக வீட்டுக்கு வந்துவிடும். போக்குவரத்தும் சாப்பாடும் கடைக் கணக்கில். ஆள் வேண்டியவர் செலவு செய்தார், போனவர் கை நிறைய வாங்கிக்கொண்டு போனார். அதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை.

ஆனால் அதே காலத்தில் மலாயாத் தோட்டங்களுக்கு ரப்பர் பால் வெட்டப் போனவர்களின் கதை வேறு. கங்காணி கொடுத்த முன்பணம் அவர்கள் பேரில் கடனாக ஏறியது. அதைக் கழிக்கவே உழைத்தார்கள். கணக்குப் புத்தகம் எழுதப் போனவருக்குச் சம்பளச் சீட்டு, மண்வெட்டி பிடிக்கப் போனவருக்குக் கடன். இன்றைய ஏஜெண்டுகள் பிடித்துக்கொண்டது இந்த இரண்டாவது வழியைத்தான்.

காரணம் கேட்டீர்கள். ஒரு வேலைக்குப் பலர் வரிசையில் நிற்கிறார்கள். அங்கே கம்பெனியில் விசா ஒதுக்கும் ஆள் ஒரு தொகை வைக்கிறார், நடுவில் ஒருவர், நகரத்து ஏஜெண்ட், ஊர்ப் புரோக்கர் என்று ஒவ்வொரு கையிலும் தொகை ஏறிக்கொண்டே வருகிறது. இது உண்மையான செலவு இல்லை என்பதை நான் கண்ணால் கண்டது ஒரு தொழிலாளர் கேம்பில். ஒரே அறை, ஒரே வேலை, ஒரே சம்பளம், ஒரே விமானத்தில் வந்தவர்கள். கீழ்க்கட்டிலில் இருந்தவர் கட்டியது 60,000, மேல்கட்டிலில் இருந்தவர் கட்டியது 1,50,000. விசாவுக்கும் டிக்கெட்டுக்கும் உண்மையில் ஆகிற செலவு என்றால் ஆளுக்கு ஆள் எப்படி மாறும்? யாரிடம் எவ்வளவு கறக்க முடியுமோ அவ்வளவு. கண்டனூரில் நகை இருக்கும் வீடு என்று தெரிந்தால் ஒரு விலை.

பேரனிடம் அய்யாவின் கதையைச் சொல்லுங்கள். "என்னைக் கூப்பிடுகிறவர் எனக்கு என்ன தருகிறார்?" என்று முதலில் கேட்கச் சொல்லுங்கள்.

கேள்வி: சிங்கப்பூருக்கு டெஸ்ட் அடித்துப் போக ஒரு பயிற்சி மையத்தில் பல லட்சம் கேட்கிறார்கள். பாஸ் ஆனால் வேலை உறுதி என்கிறார்கள். சேரலாமா? – கோட்டையூர் இளைஞர்

பதில்: தம்பி, இரண்டு விஷயத்தை ஒன்றாகக் கட்டி விற்கிறார்கள். கட்டுமான வேலைக்கு ஸ்கில் டெஸ்ட் உண்மையிலேயே தேவை, அங்கீகாரம் பெற்ற மையங்களும் இங்கே இருக்கின்றன. பயிற்சிக்கும் தேர்வுக்கும் கட்டணம் கேட்டால் அது ஒரு கணக்கு. ஆனால் டெஸ்ட் பாஸ் என்பது வேலை இல்லை. அதை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் வீட்டில் உட்கார்ந்திருப்பவர்கள் நம் பக்கத்தில் உண்டு. பயிற்சிக்கு எவ்வளவு, தேர்வுக்கு எவ்வளவு, வேலை வாங்கித் தருவதற்கு என்று எவ்வளவு, மூன்றையும் தனித்தனியாக எழுதித் தரச் சொல். மூன்றாவதை எழுத மாட்டார்கள். ஏன் எழுதவில்லை என்று யோசித்துக்கொள்.

சிங்கப்பூரில் உரிமம் பெற்ற வேலைவாய்ப்பு முகவர், தொழிலாளியிடம் ஒரு வருட வேலைக்கு ஒரு மாதச் சம்பளம் என்ற கணக்கில், அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளம்தான் வாங்கலாம். வேலை கொடுப்பதற்காக முதலாளியே உன்னிடம் பணம் வாங்கினால் அது அங்கே சிறைத் தண்டனைக்குரிய குற்றம். ஊரில் வாங்குகிறவர் அந்தச் சட்டத்துக்குள் வருவதில்லை, அதனால்தான் பெரிய தொகை எல்லாம் இங்கேயே கைமாறுகிறது.

வேலை உண்மை என்றால் ஐ.பி.ஏ. கடிதம், அதாவது உன் வேலை அனுமதிக்குச் சிங்கப்பூர் அரசு முதலில் தரும் ஒப்புதல் கடிதம் வரும். அதை நீ கிளம்பும் முன்பே உனக்குத் தர வேண்டியது முதலாளியின் கடமை, உனக்குப் புரியும் மொழியிலும் தர வேண்டும். அடிப்படைச் சம்பளம், படி, பிடித்தம் எல்லாம் அதில் தனித்தனியாக இருக்கும். ஏஜெண்ட் வாயால் சொன்ன சம்பளத்தை விட்டுவிடு, அடிப்படைச் சம்பளம் என்ற வரியைப் பார். அப்புறம் அந்தக் கடிதம் உண்மையா என்று சிங்கப்பூர் மனிதவள அமைச்சின் தளத்தில் சரிபார்த்துக்கொள். திருச்சி விமான நிலையத்தில் நிற்கும்போது கையில் திணிக்கிறேன் என்று சொன்னால் கிளம்பாதே.

கேள்வி: நான் எட்டாவது வரை படித்தவள், வயது 27. மஸ்கட்டில் வீட்டு வேலை இருக்கிறது, ஒரு பைசா வேண்டாம், டிக்கெட்டும் நாங்களே எடுக்கிறோம், விசிட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்கிறார் ஒரு அக்கா. இதில் நான் இழக்க என்ன இருக்கிறது? – கண்டரமாணிக்கம் வாசகி

பதில்: நிறைய இருக்கிறது தங்கச்சி. பத்தாவது முடிக்காததால் உங்கள் பாஸ்போர்ட் ஈ.சி.ஆர். வகை. அந்தப் பாஸ்போர்ட்டில் ஓமான் உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசின் குடிபெயர்வு அனுமதி வேண்டும். பெண்களுக்கு 30 வயது நிரம்பியிருக்க வேண்டும், அதுவும் அரசு நிறுவனங்கள் வழியாகத்தான் போகலாம். இந்த அனுமதி உங்களுக்குக் கிடைக்காது என்று அந்த அக்காவுக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் விசிட் விசா.

உங்களிடம் பணம் வாங்கவில்லை என்றால் உங்களுக்காக வேறு யாரோ பணம் கொடுக்கிறார்கள். அந்த வீட்டுக்காரர், "உனக்காக இவ்வளவு கட்டியிருக்கிறேன், இரண்டு வருடம் முடியாமல் போக முடியாது" என்று பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்வார். விசிட் விசாவில் வேலை பார்ப்பது அங்கே சட்டவிரோதம், ஆகவே புகார் சொல்லப் போனால் நீங்களே குற்றவாளியாக நிற்க வேண்டியிருக்கும். தயவுசெய்து போகாதீர்கள். பிள்ளைகளை யோசித்துத்தான் இந்த முடிவுக்கு வந்திருப்பீர்கள் என்பது கடிதத்தில் தெரிகிறது, அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

கேள்வி: பி.இ. முடித்தவன். தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை, மாதம் 80,000 ரூபாய் என்று டெலிகிராமில் இன்டர்வியூ வைத்து எடுத்துவிட்டார்கள். கட்டணம் எதுவும் இல்லை. அடுத்த வாரம் டிக்கெட் வருகிறது. நம்பலாமா? – தேவகோட்டை

பதில்: நம்பாதே தம்பி. டிக்கெட் வந்தாலும் ஏறாதே.

தாய்லாந்துக்குச் சுற்றுலாவாகப் போகக் கிடைக்கும் அனுமதியில் வேலை பார்க்க முடியாது. உன்னை எடுத்தவர்கள் வேலை விசா பற்றி ஒரு வார்த்தை பேசினார்களா? டைப்பிங் வேகமும் ஆங்கிலமும் மட்டும் கேட்டிருப்பார்கள். பாங்காக்கில் இறங்கினால் கார் காத்திருக்கும். ஆபீஸுக்கு என்று சொல்லி ஏறக்குறைய 500 கிலோமீட்டர் தள்ளி மேசோட் என்ற எல்லை ஊருக்குக் கொண்டுபோவார்கள். அங்கே ஓர் ஆறு. தாண்டினால் மியான்மரின் மியாவாடி. சுவர் எழுப்பி, துப்பாக்கியோடு காவல் நிற்கும் வளாகங்கள் அங்கே இருக்கின்றன. முகம் தெரியாதவர்களிடம் ஆன்லைனில் பழகிப் பணம் பறிப்பதுதான் அங்கே வேலை. மாட்டேன் என்றால் அடி. வெளியே விட வேண்டுமென்றால் வீட்டிலிருந்து லட்சக்கணக்கில் பணம். 2022-இலிருந்து தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் இதில் சிக்கி மீட்கப்பட்டிருக்கிறார்கள். 2025 மார்ச்சில் இந்திய விமானப்படை விமானங்கள் மேசோட்டுக்கே போய் 500-க்கும் மேற்பட்ட இந்தியர்களை ஏற்றி வந்தன. கம்போடியா, லாவோஸ் என்று பெயர் மாறினாலும் இதே கதைதான்.

அந்த உரையாடலை அழிக்காதே. 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குச் சொல். உன்னோடு சேர்ந்து தேர்வான நண்பர்கள் இருந்தால் இன்றைக்கே அவர்களிடம் பேசு, அவர்களில் யாராவது ஏற்கெனவே கிளம்பியிருக்கலாம்.

கேள்வி: என் கணவர் கடந்த ஆண்டு குவைத் வேலைக்காக ஒருவரிடம் 1,20,000 ரூபாய் கட்டினார். பாதி ஜிபேயில், பாதி ரொக்கம். விசா வரவில்லை. இப்போது போன் எடுப்பதில்லை. புகார் கொடுத்தால் பாஸ்போர்ட்டும் வராது என்று மிரட்டுகிறார். – கானாடுகாத்தான் வாசகி

பதில்: பாஸ்போர்ட்டிலிருந்து ஆரம்பிப்போம். அது இந்திய அரசின் சொத்து. அடுத்தவர் பாஸ்போர்ட்டைப் பிடித்து வைத்துக்கொள்ள அவருக்கு எந்த உரிமையும் இல்லை. அந்த மிரட்டலை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தால் பத்திரமாக வையுங்கள், உங்கள் புகாருக்கு அது பலம்.

ஜிபேயில் போன பணத்துக்கு வங்கியில் ஸ்டேட்மெண்ட் வாங்குங்கள். ரொக்கம் கொடுத்த தேதி, இடம், கூட இருந்தவர் யார், நகை வைத்த ரசீது இருந்தால் அதன் தேதி, எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். அடகு வைத்த தேதியும் பணம் கொடுத்த தேதியும் ஒத்துப்போனால் அதுவே ஒரு சாட்சி. எழுதியதை மூன்று பிரதி எடுத்து, ஒன்றைச் சிவகங்கை மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்தில் நேரில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான ரசீது வாங்குங்கள். இன்னொன்றைச் சென்னையில் உள்ள குடிபெயர்வோர் பாதுகாப்பு அலுவலகத்துக்கு அனுப்புங்கள், இ-மைக்ரேட் தளத்திலும் புகாரைப் பதியலாம். மூன்றாவது உங்களிடம் இருக்கட்டும். வெளியுறவு அமைச்சகத்தின் உதவி எண் 1800 11 3090. தமிழிலேயே பேச வேண்டுமென்றால் தமிழ்நாடு அரசின் அயலகத் தமிழர் நலத்துறை எண் 1800 309 3793. இரண்டுக்கும் கட்டணம் இல்லை.

அவர் பதிவு பெற்ற ஏஜெண்ட் என்றால் அரசிடம் வங்கி உத்தரவாதம் கட்டி வைத்திருப்பார், பதிவு போய்விடும் என்ற பயம் இருக்கும், பேச இறங்கி வருவார். பதிவே இல்லாதவர் என்றால் மோசடியோடு குடிபெயர்வுச் சட்ட மீறலையும் சேர்த்துப் புகாரில் எழுதுங்கள். "பணம் கொடுத்தது நாம்தானே, நம்மையும் பிடிப்பார்களோ" என்று உங்கள் கணவர் தயங்குவதாக எழுதியிருக்கிறீர்கள். ஏமாந்து பணம் கொடுத்தவரைச் சட்டம் தண்டிப்பதில்லை, வாங்கியவரைத்தான்.

புகார் போனதும் ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசலாம் என்று ஆள் அனுப்புவார். பேசுங்கள், தவறில்லை. தவணையில் தருகிறேன் என்றால் தேதி போட்டு எழுதி, பணத்தை வங்கிக் கணக்கில் போடச் சொல்லுங்கள். முழுப் பணமும் பாஸ்போர்ட்டும் கைக்கு வரும் வரை புகாரைத் திரும்பப் பெறாதீர்கள்.